அப்பலாச்சியன் ட்ரெயில்ல ஒரு நாள் எப்படிப் போகும், ரெஸ்ட் நாளை எப்படி ப்ளான் பண்றது (புதுசா போறவங்களுக்கு)

அப்பலாச்சியன் ட்ரெயில் போறேன்னு சொல்றவங்க எல்லாருமே முதல்ல கேக்கறது டென்ட் எது வாங்கலாம், ஷூ எது நல்லாருக்கும்னுதான். ஆனா பாதில திரும்பி வந்தவங்ககிட்ட பேசிப் பாருங்க, டென்ட் சரியில்லன்னு வந்தவங்க ரொம்ப கம்மி. முட்டி வீங்கிடுச்சு, கொப்புளம் பழுத்துடுச்சு, வயித்தால போச்சு, இல்லன்னா நாள் பூரா மழையில நடந்து நடந்து மனசு விட்டுப்போச்சு, இப்படித்தான் சொல்வாங்க. இதுல முக்கால்வாசிய தினசரிப் பழக்கத்துலயும் ரெஸ்ட் நாள்லயும் சரி பண்ணிடலாம்னு நான் உறுதியா நம்பறேன், அதனாலதான் இத இவ்ளோ விவரமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: அமெரிக்கால, ஜார்ஜியா மாநிலத்துல ஸ்பிரிங்கர் மலைல ஆரம்பிச்சு மெய்ன் மாநிலத்துல கட்டாடின் மலை வரைக்கும், 14 மாநிலம் வழியா, 2,190 மைலுக்கு மேல, கிலோமீட்டர்ல சொன்னா சுமார் 3,500. முழுசா ஒரே மூச்சுல நடக்க 5 லேர்ந்து 7 மாசம் ஆகும், முயற்சி பண்றவங்கள்ல நாலுல ஒருத்தர்தான் முடிக்கறாங்க.

ரெண்டு வார்த்தை மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஒரு மைல் கூட நடக்காம ஊர்ல உக்காந்திருந்தா அது ஜீரோ. காலைல நாலஞ்சு மைல் நடந்து ஊருக்குள்ள வந்துட்டோம், இல்ல மத்தியானம் வரைக்கும் ஊர்ல இருந்துட்டு கொஞ்சமா நடந்தோம்னா அது நீரோ.

ஸ்டெப் 1: வீட்ல இருக்கும்போதே ரெஸ்ட் நாளுக்குக் கணக்கு போடுங்க

இத யாரும் செய்யறதில்ல, ஆனா அஞ்சு நிமிஷ வேலைதான். ஏப்ரல் 1 கிளம்பறீங்கன்னு வச்சுக்குவோம், கட்டாடின் இருக்கற பாக்ஸ்டர் ஸ்டேட் பார்க்ல குளிர் முன்னாடியே வந்துடும், அதனால அக்டோபர் 15க்குள்ள போய்ச் சேரணும்னு வச்சுக்கறது நல்லது. மொத்தம் 198 நாள் வருது. நடக்கற நாள்ல சராசரியா 14 மைல்னு வச்சா 157 நாள் நடை, மிச்சம் 41 நாள். வாரத்துக்கு ஒரு நாள் முழு ரெஸ்ட்னு எடுத்தா கூட 28தான் செலவாகும், பாக்கி 13 நாள் காய்ச்சல், புயல், கால் வலிக்குன்னு கைல இருக்கும். ஆக வாரம் ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தா லேட் ஆயிடுவோமோங்கற பயமே வேணாம், கணக்குல அதுக்கு இடம் இருக்கு.

ஸ்டெப் 2: காலைல எழுந்ததும்

வெளிச்சம் வந்ததும் எழுந்துடுங்க. தூங்கறதுக்குன்னு ஒரு செட் துணி, ஒரு ஜோடி சாக்ஸ் தனியா வச்சிருப்பீங்க இல்லயா, அது எந்தக் காரணம் கொண்டும் நனையக் கூடாது, அதனால நேத்து மழையில நனைஞ்ச சட்டையையே திரும்பப் போட்டுக்கிட்டு கிளம்பணும். அந்த முதல் பத்து நிமிஷம் கொடுமையாதான் இருக்கும், நடக்க ஆரம்பிச்சதும் உடம்பு சூட்டுல சரியாயிடும். காஞ்ச துணிய எடுத்துப் போட்டுட்டீங்கன்னா ராத்திரி மாத்திக்க ஒண்ணும் இருக்காது, மார்ச் ஏப்ரல்ல ஜார்ஜியா, நார்த் கரோலினா மலைங்கள்ல ராத்திரி உறைகுளிருக்குக் கீழ போகும், அப்ப அது ஆபத்து.

அதே குளிர்தான் தண்ணி ஃபில்டருக்கும் எமன். சாயர் மாதிரி குழாய் ஃபில்டர்ல உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சா நார் வெடிச்சுடும், பாக்க நல்லாத்தான் இருக்கும் ஆனா கிருமி உள்ள வந்துடும். ராத்திரி அத ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு ஸ்லீப்பிங் பேக்குள்ள உங்ககூடவே படுக்க வச்சுக்கோங்க.

வழி கண்டுபிடிக்கறது சுலபம். மரத்துல 2 இன்ச் அகலம் 6 இன்ச் உயரத்துல வெள்ளைப் பட்டை அடிச்சிருக்கும், அதுதான் ட்ரெயில். ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு பட்டை இருந்தா திருப்பம் வருது, கவனிங்கன்னு அர்த்தம். நீலப் பட்டை தண்ணிக்கோ ஷெல்ட்டருக்கோ பிரியற பாதை. ரொம்ப நேரமா வெள்ளையே கண்ணுல படலன்னா அப்படியே முன்னாடி போகாதீங்க, கடைசியா பாத்த இடத்துக்குத் திரும்புங்க.

ஸ்டெப் 3: முதல் ரெண்டு வாரம் உங்கள நீங்களே பிடிச்சு நிறுத்துங்க

8 மைல், மிஞ்சிப் போனா 10. நெஞ்சு தாங்குது, தொடை தாங்குது, மத்தவங்க 15 போறாங்க, நம்மளும் போவோம்னு தோணும், வேண்டாம். தசை சீக்கிரம் பழகிடும், மூட்டைச் சுத்தி இருக்கற நாரும் ஜவ்வும் பழக அதவிட ரொம்ப நாள் எடுக்கும், அந்த இடைவெளிலதான் முட்டியும் பாதமும் போகுது. ஸ்பிரிங்கர்லேர்ந்து நீல் கேப் (கேப்னா மலைக் கணவாய்) சுமார் 31 மைல், அத நாலு நாள்ல நடங்க. நீல் கேப்ல ட்ரெயில் ஒரு கல் கட்டடத்துக்குள்ளயே நுழைஞ்சு போகும், அங்க கடை இருக்கு, பேக்ல எது தேவையில்லன்னு அந்த நாலு நாள்லயே தெரிஞ்சிருக்கும், அங்கிருந்தே வீட்டுக்கு பார்சல் பண்ணிடுங்க.

மத்தியானம் சாப்பிட உக்காரும்போது தினமும் ஷூவும் சாக்ஸும் கழட்டணும், இது சாப்பாடு மாதிரியே கட்டாயம். குதிகால்லயோ சுண்டுவிரல் ஓரத்துலயோ லேசா சூடு, கொஞ்சம் சிவப்பு தெரிஞ்சா அதுதான் ஹாட் ஸ்பாட், இன்னும் கொப்புளம் ஆகல. நடுவுல நடக்கும்போது தெரிஞ்சாலும் அடுத்த தண்ணி வரைக்கும் போயிடலாம்னு நினைக்காம அங்கயே பேக்கை இறக்குங்க. கால காத்துல காய விடுங்க, வேர்வையத் துடைங்க, லூக்கோடேப் (தோல்ல நல்லா ஒட்டற டேப்) ஒரு துண்டு வெட்டி நாலு மூலையையும் வட்டமா நறுக்குங்க (மூலை கூரா இருந்தா சாக்ஸ் உரசி உரசி சுருட்டிக்கிட்டு வந்துடும்), சுருக்கம் விழாம ஒட்டி, உள்ளங்கைய மேல வச்சு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, சூட்டுல பசை நல்லா பிடிச்சுக்கும். ரெண்டு மூணு நாள் உரிக்காதீங்க. மண்ணு போன சாக்ஸ உதறிட்டு மாத்திக்கோங்க. மொத்தமே பத்து நிமிஷம், இதச் செய்யாததனால ஒரு வாரம் ஹாஸ்டல்ல (ட்ரெயில் நடக்கறவங்க ஊர்ல தங்கற இடம்) படுத்தவங்க உண்டு.

ஸ்டெப் 4: சாயங்காலம்

வழில 250க்கு மேல ஷெல்ட்டர் இருக்கு, மூணு பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறந்திருக்கும், முதல்ல வர்றவங்களுக்கு இடம். மழைன்னா நிரம்பிடும், அதனால டென்ட் இல்லாம போகவே போகாதீங்க.

போய்ச் சேர்ந்ததும் உக்காராதீங்க, உக்காந்தா எழுந்திருக்க மனசு வராது. முதல்ல தண்ணி பிடிச்சு வடிகட்டுங்க, அடுத்து டென்ட், அடுத்து காஞ்ச துணி, அப்புறம் அடுப்பு. கையக் கழுவறது சோப்பு போட்டு, தண்ணில, ஓடைலேர்ந்து தள்ளி. சானிட்டைசர் மட்டும் பத்தாது, நோரோ வைரஸ் அதுக்குச் சாகாது, சீசன் நேரத்துல ஷெல்ட்டர் ஷெல்ட்டரா பரவும், ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்ட நீட்டினா கூட உள்ள கை விடாம உங்க கைல கொட்டச் சொல்லி வாங்கிக்கோங்க.

ஷெல்ட்டர் கூரைலேர்ந்து ஒரு கயிறு தொங்கும், நடுவுல கவுத்துப் போட்ட டப்பா ஒண்ணு கோத்திருக்கும், கீழ ஒரு குச்சி. பேக்கை மாட்ட வச்சது, எலி கயித்துல இறங்கினா அந்த டப்பாவத் தாண்ட முடியாது. ஆனா அது எலிக்கு மட்டும்தான், சாப்பாட்ட அங்க விடக் கூடாது. கருங்கரடி உள்ள காடு, சாப்பாடு, டூத்பேஸ்ட், சாப்பிட்ட கவர் எல்லாத்தையும் சேத்து, அங்க சாப்பாட்டுப் பைய மேல தூக்கி மாட்டக் கம்பி போட்டிருந்தா அதுல, இல்லன்னா கிளைல 12 அடி உயரத்துல, மரத்துலேர்ந்து 6 அடி தள்ளி தொங்க விடுங்க. ஜார்ஜியால ஜாரார்ட் கேப்புக்கும் நீல் கேப்புக்கும் நடுவுல ராத்திரி தங்கினா மார்ச் 1லேர்ந்து ஜூன் 1 வரை கரடி டப்பா (கரடியால திறக்க முடியாத கெட்டியான சாப்பாட்டு டப்பா) கட்டாயம். என்னைக் கேட்டா வழி முழுக்க டப்பாவே எடுத்துட்டுப் போங்க, ஒரு கிலோ கூடுதல்தான், ஆனா இருட்டுல மழையில கயிறு வீசிட்டு நிக்க வேணாம், நம்ம சாப்பாட்ட ருசி பாத்த கரடியக் கடைசில சுட வேண்டி வருதுங்கறது எனக்கு உண்மைலயே வலிக்கற விஷயம்.

ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாரும் தூங்கியிருப்பாங்க. ஸ்பீக்கர்ல பாட்டு, ஹெட்லேம்ப் வெள்ளை லைட் ரெண்டும் வேண்டாம், செவப்பு லைட் போட்டுக்கோங்க.

ஸ்டெப் 5: ரெஸ்ட் எப்ப, எந்த ஊர்ல

வலி வந்தப்புறம் ரெஸ்ட் எடுக்கறதுன்னு வச்சுக்கிட்டா எப்பவுமே லேட்தான். சாப்பாடு எப்படியும் நாலஞ்சு நாளைக்கு மேல தூக்க முடியாது, ஆக ஊர் வந்தே தீரும், அந்த ஊர வச்சு ரெஸ்ட்ட முடிவு பண்ணுங்க. நான் எல்லாருக்கும் சொல்றது ரெண்டு நீரோ. ஜீரோன்னா முந்தின ராத்திரி, அடுத்த ராத்திரின்னு ரெண்டு ராத்திரி ரூம் வாடகை. அதுக்கு பதிலா, முந்தின நாள் ஊருக்கு நாலஞ்சு மைல் முன்னாடி காட்லயே படுத்துட்டு, காலைல பத்து மணிக்கு ஊருக்குள்ள வந்துடுங்க, ஒரு ராத்திரி தங்குங்க, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு கொஞ்சமா நடங்க. ஒரே ராத்திரி காசுல 24 மணி நேரத்துக்கு மேல ரெஸ்ட் கிடைச்சுடுது. இத ஒவ்வொரு ஊர்லயும் செஞ்சுட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு முழு ஜீரோ வச்சா போதும். மலையேறும்போது வலிச்சு இறங்கும்போது சரியாப் போற வலி பரவால்ல. காலைல எழுந்து பத்து நிமிஷம் நடந்தும் நொண்டல் போகலன்னா, ஒரே இடத்துல விரல் வச்சா சுரீர்னா, கணக்கெல்லாம் பாக்காம ரெண்டு ஜீரோ.

ஹயவாஸிங்கற ஊர் ட்ரெயில்லேர்ந்து தள்ளி இருக்கு, டிக்ஸ் க்ரீக் கேப்ல ஷட்டில் பிடிச்சு போகணும். கேட்லின்பர்க் டூரிஸ்ட் ஊர், ஸ்மோக்கி மலை நடுவுல நியூஃபவுண்ட் கேப்லேர்ந்து இறங்கணும், சத்தமும் செலவும் ஜாஸ்தி, எனக்கு அது ரெஸ்ட் எடுக்கற இடமாவே படல. ஹாட் ஸ்பிரிங்ஸும் (நார்த் கரோலினா) டமாஸ்கஸும் (வர்ஜீனியா) அருமை, ட்ரெயிலே மெயின் ரோடு வழியா போகும், வண்டி பிடிக்கவே வேணாம். 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வெள்ளத்துல ரெண்டு ஊரும் ரொம்ப அடிபட்டுச்சு, எந்த ஹாஸ்டல், எந்தக் கடை திறந்திருக்குன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, அங்க செலவு பண்ற ஒவ்வொரு டாலரும் அந்த ஊருக்கு உதவி.

ஸ்டெப் 6: ஊர்ல செய்ய வேண்டியது, இதே வரிசைல

போஸ்ட் ஆபீஸ் முதல்ல. ஜெனரல் டெலிவரின்னு போட்டு உங்க பேரு, ஊர், ஜிப் கோடு, எந்தத் தேதி வாக்குல வருவீங்கன்னு எழுதி வீட்லேர்ந்து பார்சல் அனுப்பலாம், நீங்க வர்ற வரைக்கும் போஸ்ட் ஆபீஸ்லயே வச்சிருப்பாங்க, வாங்கும்போது போட்டோ ஐடி வேணும், பாஸ்போர்ட்னா பாஸ்போர்ட். சின்ன ஊர்ல சனிக்கிழமை கொஞ்ச நேரம்தான், ஞாயிறு மூடியிருக்கும், வெள்ளி சாயங்காலம் வந்து கதவு சாத்தியிருந்தா திங்கள் வரைக்கும் உக்காரணும். பார்சல் அனுப்பறவங்களுக்கு: நம்ம அவல் அனுப்புங்க. பச்சத் தண்ணில ஊற வச்சு புளிக்காய்ச்சல் கலந்தா கேஸே செலவில்லாம ராத்திரி சாப்பாடு. சைவம்னா கடைல வாங்கற ராமென் நூடுல்ஸ், ரைஸ் பாக்கெட் பின்னாடி படிச்சுப் பாருங்க, நிறையதுல சிக்கன் பவுடர் இருக்கும். பீனட் பட்டர், டார்ட்டியா, உருளைக்கிழங்கு மாவு எல்லா ஊர்லயும் கிடைக்கும்.

அடுத்து குளியல், அப்பவே உடம்பு முழுக்க உண்ணி இருக்கான்னு பாருங்க, அக்குள், இடுப்பு, முட்டிக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள. வடக்க போகப் போக, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் அதிகம். அப்புறம் துணி. நிறைய ஹாஸ்டல்ல மாத்துத்துணி குடுப்பாங்க, அதப் போட்டுக்கிட்டு மழைக்கோட்டத் தவிர எல்லாத்தையும் வாஷிங் மெஷின்ல போடுங்க. அது ஓடற நேரத்துல டென்ட்ட வெளிய விரிச்சுக் காய வைங்க, ஃபில்டர்ல தலைகீழா சுத்தமான தண்ணி அடிச்சு அழுக்கை வெளிய தள்ளுங்க, பவர் பேங்க் சார்ஜ்ல போடுங்க. ஹாஸ்டல்ல ஹைக்கர் பாக்ஸ்னு ஒரு பெட்டி இருக்கும், மத்தவங்க வேண்டாம்னு விட்ட சாப்பாடு, கேஸ் எல்லாம் கிடைக்கும், கடைக்குப் போறதுக்கு முன்னாடி அதப் பாத்துடுங்க.

இதெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடணும், அதுக்கப்புறம் கால மேல தூக்கி வச்சுப் படுங்க. ஊர் சுத்திப் பாக்கறேன்னு நாலு மைல் தார் ரோட்ல நடந்தா அது ரெஸ்ட் இல்ல. பசி பயங்கரமா இருக்கும், ஒரே வேளைல முழு பீட்சாவா அடைக்காம நாலு தடவையா சாப்பிடுங்க, காய், பழம், முட்டை சேத்துக்கோங்க, காட்ல அதுதான் கிடைக்காது.

வீட்டுக்குப் போன் பண்ணுங்க, ஆனா பயணத்த விட்டுட்டு வந்துடலாமான்னு முடிவு மட்டும் வந்து இறங்கின அன்னைக்கு எடுக்காதீங்க. குளிச்சு, சாப்பிட்டு, ஒரு ராத்திரி மெத்தைல தூங்கி எழுந்தப்புறமும் அதே எண்ணம் இருந்தா அப்ப யோசிங்க, தப்பே இல்ல.

ஸ்டெப் 7: ஊரை விட்டுக் கிளம்பறது

மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள கிளம்பிடுங்க, இல்லன்னா இன்னொரு ராத்திரி, இன்னொரு ராத்திரின்னு இழுக்கும், கூட இருக்கறவங்களும் இருடான்னுதான் சொல்வாங்க. ஊரெல்லாம் பள்ளத்துல இருக்கு, அதனால வெளிய வந்ததும் ஏத்தம்தான், அதுவும் அஞ்சு நாள் சாப்பாட்டோட பேக் ரொம்ப கனமா இருக்கற நேரம், ஒரு நாளைக்கு முக்கால் கிலோன்னு வச்சா கூட கிட்டத்தட்ட நாலு கிலோ சாப்பாடே வந்துடுது. ஹாட் ஸ்பிரிங்ஸ்ல பாலத்தத் தாண்டி ஃப்ரெஞ்ச் ப்ராட் ஆத்தோரமா கொஞ்சம் போனதும் லவ்வர்ஸ் லீப் பாறைக்கு நேரா மேல ஏறணும். அன்னைக்கு மூணு நாலு மைல் போதும். டவர் கிடைக்கற கடைசி இடத்துல நின்னு, அடுத்த ஊர் பேரையும் எந்தக் கிழமை போய்ச் சேருவீங்கங்கறதையும் வீட்டுக்கு மெசேஜ் போட்டுட்டு போனை ஃப்ளைட் மோட்ல போடுங்க.