சபைச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நட்ட கன்று என்னவாயிற்று?

மதுரை வட்டாரத்தில் ஒரு பங்கோ குருசேகரமோ (கிறிஸ்தவத் திருச்சபைகளின் உள்ளூர்ப் பிரிவுகள்) வெளியிடும் செய்தி மடலை எடுத்துப் பார்த்தால், கண்மாய்க் கரையில் மரக்கன்று நட்ட செய்தி ஒன்றாவது கண்ணில் படும். யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார், யார் நன்றி கூறினார் என்பதிலேயே அந்தச் செய்தியின் முக்கால் பங்கு கழிந்துவிடும். எந்தக் கண்மாய், என்ன மரம், நாளை முதல் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்ற விவரம் கடைசி வரியில்கூட இராது. விருந்தினர் பட்டியலைச் செய்தி என்று எண்ணுவதே முதல் தவறு. மற்றவற்றில் பல இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நட்ட நாளோடு செய்தியை முடித்துவிடுவது அடுத்த தவறு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக அன்றே நட்டு, அன்றே படம் எடுத்து வெளியிடுகிறார்கள். மதுரைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில்தான் தொடங்கும். ஜூனில் நட்ட கன்று ஆடிக்காற்றையும் அதன் பின்னான வெயிலையும் தாங்கி நிற்க வேண்டுமானால், யாராவது குடத்தோடு நடந்தே ஆக வேண்டும். கன்று பட்டுப்போனது எந்த மடலிலும் வருவதில்லை. அடுத்த ஆண்டு அதே குழியில் புதிய கன்றும் புதிய படமும் வருகின்றன. சில படங்களை உற்றுப் பார்த்தால், நாற்றங்காலிலிருந்து வந்த கறுப்புப் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கன்று குழிக்குள் இறங்கியிருப்பது தெரியும். படம் எடுத்தவருக்கும் அது தெரியவில்லை, வெளியிட்டவருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை, இயற்கையைப் பேணுவதற்கான வேண்டுதல் காலமாகப் பல திருச்சபைகள் கடைப்பிடிக்கும் ‘படைப்பின் காலம்’ நம் ஊர் மழைக்கு நன்றாகவே பொருந்துகிறது. நடும் பணியை அப்போது வைத்துக்கொண்டு, தை மாதத்தில் ஒரு முறையும் சித்திரை வெயிலில் ஒரு முறையும் அதே இடத்துக்குப் போய், எத்தனை கன்றுகள் நிற்கின்றன, எத்தனையை ஆடு கடித்தது என்று எண்ணி எழுதினால், பக்கத்துச் சபை அதைப் படித்து வேலி போட்ட பிறகு நடும். பனைக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். பனங்கொட்டை முளைத்ததும் முளை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும்; ஓலை வெளியே தலைகாட்டச் சில மாதங்கள் ஆகும். ஆகவே விதை ஊன்றிய அன்றே ‘ஆயிரம் பனைமரங்கள்’ என்று தலைப்பிடுவது பொய்க்கணக்கு. ‘ஆயிரம் விதைகள் ஊன்றப்பட்டன’ என்பதே சரி.

மரத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். ‘கருவேல மரங்கள் அகற்றப்பட்டன’ என்று பொதுவாக எழுதினால், அயலிலிருந்து வந்து பரவிய சீமைக் கருவேலமா, கண்மாய்களுக்குள் நெடுங்காலமாக நிற்கும் நாட்டுக் கருவேலமா என்பது தெரியாமற்போகும். கண்மாய்க்குள் எதை வெட்டவும் தூர்வாரவும் உரிய துறையின் அல்லது ஊராட்சியின் அனுமதி தேவை என்பதால், அனுமதி பெற்ற விவரத்தையும் ஒரு வரியில் சேர்ப்பது நல்லது.

கண்மாய் ஊர்ப் பொது. வரத்துக் கால்வாயைத் தூய்மை செய்தவர்களில் அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிரிடும் ஆயக்கட்டு விவசாயிகளும், நூறு நாள் வேலைப் பெண்களும், ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களும், பிற சமயத்து இளைஞர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு ‘நமது சபை கண்மாயை மீட்டது’ என்று எழுதினால், அடுத்த முறை மண்வெட்டி தரக்கூட ஊரில் ஆள் வராது. அதே செய்தியில் ஆத்தும ஆதாயக் கணக்கையும், அதாவது எத்தனை பேர் கிறிஸ்துவை ஏற்றார்கள் என்ற கணக்கையும், கலப்பது அதைவிடப் பெரிய பிழை என்பேன். அன்புப்பணியை வேறு ஏதோ ஒன்றுக்கான முன்பணமாகக் காட்டும் செய்தி, பணியையும் பணி செய்தவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

உதவி பெறுவோரின் படங்களில் தவறு சட்டச் சிக்கலாகவும் மாறும். அரிசிப் பையின் ஒரு முனையை மூதாட்டியும் மறுமுனையை நான்கு பெரியவர்களும் பிடித்திருக்கும் படம் யாருக்கும் பெருமை தராது. இல்லங்களில் தங்கியுள்ள, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கிறிஸ்துமஸ் கேக் வெட்டும் படம் என்பதால் சட்டம் விலக்குத் தருவதில்லை. கைகளை மட்டுமோ, குழந்தைகள் வளர்த்த தோட்டத்தை மட்டுமோ படமெடுக்கலாம்.

படத்தின் பின்னணியையும் பார்க்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. வைகைக் கரையில் குப்பை பொறுக்கும் இளைஞர்களுக்குப் பின்னால், மேசைமீது தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் பிளாஸ்டிக் தம்ளர்களும் அடுக்கப்பட்டிருந்தால் படிப்பவர் கண் அங்கேதான் போகும்.

நாளும் இடமும் இல்லாத செய்தி வாட்ஸ்அப்பில் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் சுற்றும் என்பதால், இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். கன்றுகளின் எண்ணிக்கையோ ஊர்ப் பெயரோ தவறாக வந்துவிட்டால், அடுத்த மடலில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலும் பழைய செய்தியை நீக்கிவிட்டுத் திருத்திய செய்தியைப் போட வேண்டும்.