இறுகாத கருப்பட்டி இறுகிய கதை

சாயல்குடி பக்கம் எங்கள் பனைகளில் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருந்ததில்லை. நல்ல மழைக்குப் பிறகு பதநீர் நிறைய இறங்கும், ஆனால் தண்ணியாக; விறகுதான் எரிந்து தீரும். வறண்ட வருடம் அளவு குறைவு, இனிப்பு அழுத்தம். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் இறக்குகிறோம். எனக்கு ஆண் பனைப் பதநீர்தான் பிடிக்கும். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

போன பருவத்தில் பதநீரைக் காய்ச்சி ஊற்றிய கருப்பட்டி சிரட்டையிலேயே பிசுபிசுவென்று நின்றது. எவ்வளவு காய்ச்சியும் இறுகவில்லை. பெரியப்பா அடுப்புப் பக்கமே வரவில்லை. பதநீர் இறக்கும் கலயத்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, “புளிச்ச வாடைடா, மரத்துலயே கெட்டுப்போச்சு” என்றார்.

பதநீர் புளித்தால் அதிலுள்ள சர்க்கரை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைந்துவிடும். அப்புறம் பாகு சரியாக உறையாது. பழைய கலயத்தின் நுண்துளைகளில் புளிப்பு தங்கியிருந்தது. புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பும் காற்றுப்பட்டு வீரியம் போயிருந்தது.

கலயங்களைக் கழுவி, ஓலைத் தீயில் கவிழ்த்து வாட்டினோம். புதிதாகத் தண்ணீர் ஊற்றி நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பை உள்ளே மெல்லிசாகத் தடவினோம். தடிப்பாகப் பூசினால் கருப்பட்டி கறுத்துவிடும். வெயில் ஏறுமுன் இறக்கி, வடிகட்டி, உடனே அடுப்பேற்றினோம். தட்டியதும் கருப்பட்டி வட்டு ‘டக்’கென்று சிரட்டையை விட்டுக் கழன்றது. இளகிய பழைய பாகைப் புட்டுக்கு ஊற்றித் தீர்த்தோம்.