மழலையர் கல்வி ஆய்வு: உற்றுநோக்கலில் தொடங்குங்கள்

மழலையர் கல்வி ஆய்வு முறைகளைக் கற்க விரும்புவோர் வினாநிரலைத் தேடிப் போகாமல் முதலில் உற்றுநோக்கலைப் பழகுவது நல்லது. ஏனெனில் மூன்று வயதுக் குழந்தை வினாவுக்கு விடை எழுதாது, வாயால் சொல்லும் விடையும் கேட்பவரின் முகத்தைப் பார்த்து மாறிவிடும்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன், ஒவ்வொரு குழந்தையையும் ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்று பலமுறை கவனித்து, அது பிறருடன் எவ்வளவு கலந்து விளையாடுகிறது என்பதை ஆறு வகைகளுள் ஒன்றாகக் குறித்து, 1932-இல் முடிவுகளை வெளியிட்டார்.

நீங்களும் அவ்வாறே செய்து பார்க்கலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்றபின் (குழந்தை விலகிச் சென்றால் அதையும் மறுப்பாகவே கொள்ள வேண்டும்), முதல் சில நாள்கள் எதையும் குறிக்காமல் ஓரமாக அமர்ந்திருங்கள். புதிய முகத்தை வேடிக்கை பார்ப்பது ஓயும் வரை பதிவு நம்பத்தக்கதாகாது. பிறகு குழந்தைகளைக் கவனிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். 'கோபப்பட்டான்' என்று எழுதாமல் 'கட்டையைத் தள்ளிவிட்டான்' என்றே எழுதுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்குதான் தடுமாறுகிறார்கள். ஒரே காட்சியை இருவர் தனித்தனியே குறித்த 50 பதிவுகளில் 40 பொருந்தினால் உடன்பாடு 80 விழுக்காடு. தற்செயலான பொருத்தத்தைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் கப்பா என்ற உடன்பாட்டு அளவு அதைவிடக் குறைவாகவே வரும். பொருந்தாத பத்தையும் எடுத்துவைத்து, வகைகளின் வரையறையைத் திருத்துங்கள்.