ஓர் எண் பகா எண்தானா? தாளும் பேனாவும் கொண்டு சோதிக்கும் முறை

1001, 1003, 1007, 1009 ஆகிய நான்கு எண்களில் எவை பகா எண்கள் என்று காரணத்துடன் எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் விடையை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். காரணத்தை எழுதும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இந்த நான்கு எண்களையே எடுத்துக்கொண்டு முழு வழிமுறையையும் விளக்குகிறேன். 2, 3, 5, 11 ஆகியவற்றுக்கான வகுபடும் தன்மை விதிகள் தெரியும் என்று கொள்கிறேன்.

படி 1: எங்கே நிறுத்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வகுக்கத் தொடங்கும் முன்பே, எந்த எண்வரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தாளின் மேற்பகுதியில் எழுதிவிடுங்கள். இதற்கு வர்க்கமூலத்தைத் தசமத்தில் காணத் தேவையில்லை. 31 × 31 = 961, 32 × 32 = 1024. நம் நான்கு எண்களும் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால், 31 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

இது ஏன் போதும் என்பதை விளங்கிக்கொள்ளாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம். ஓர் எண் பகு எண் என்றால், அதை 1-ஐ விடப் பெரிய இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதலாம். அந்த இரண்டுமே 31-ஐ விடப் பெரியவையாக இருந்தால், ஒவ்வொன்றும் குறைந்தது 32 ஆக இருக்கும். அப்போது பெருக்கற்பலன் 1024-க்குக் குறையாது. நம் எண்களோ 1024-ஐ விடச் சிறியவை. ஆகவே இரண்டு காரணிகளில் ஒன்றாவது 31-க்கு மிகாமல் இருந்தே தீர வேண்டும். 1007-க்கு 53 என்ற காரணி உண்டு. ஆனாலும் 53-ஆல் வகுத்துப் பார்க்கும் நிலை நமக்கு வருவதே இல்லை, ஏனெனில் அதன் இணையான 19-ஐ அதற்கு முன்பே சந்தித்துவிடுகிறோம்.

பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்பதற்கும் காரணம் எளியதே: 21-ஆல் வகுபடும் எண் 3-ஆலும் 7-ஆலும் முன்பே வகுபட்டிருக்கும். எனவே 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31 என்ற பதினொரு எண்களே நமக்குத் தேவை.

எல்லையாக வரும் எண்ணையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். 29-உடன் நிறுத்திவிட்டால் 961 பகா எண்ணாகத் தோன்றும். உண்மையில் அது 31-இன் வர்க்கம்.

படி 2: வகுத்துப் பாருங்கள், ஆனால் நெடுவகுத்தல் வேண்டாம்

நான்கு எண்களும் 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாதவை என்பது பார்த்தவுடனே தெரியும். 1001 = 7 × 11 × 13 என்பதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்; இந்த மூன்று எண்களையும் ஒரே நேரத்தில் சோதிக்க அது பயன்படும். 8051-ஐ எடுத்துக்கொண்டால், கடைசி மூன்று இலக்கங்களான 051-இலிருந்து மீதமுள்ள 8-ஐக் கழிக்க 43 வருகிறது (8051 = 8 × 1001 + 43). 43 என்பது 7, 11, 13 ஆகிய எதனாலும் வகுபடாது. ஆகவே 8051-உம் வகுபடாது.

17 முதலான எண்களுக்கு நான் விரும்பும் முறை, கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கி நீக்குவதுதான். 1007-ஐ 19-ஆல் சோதிக்க வேண்டும் என்றால், 7-இல் முடியும் 19-இன் மடங்கான 57-ஐக் கழியுங்கள்: 950 கிடைக்கும். பூச்சியத்தை நீக்கினால் 95, அதாவது 19 × 5. எனவே 1007 பகு எண். அதேபோல் 1003-இலிருந்து 17-இன் மடங்கான 153-ஐக் கழித்தால் 850. 85 என்பது 17 × 5. 10-க்கும் 17, 19 போன்ற பகா எண்களுக்கும் பொதுக் காரணி இல்லாததால்தான் பூச்சியத்தை நீக்க முடிகிறது.

இம்முறை வகுபடுமா, வகுபடாதா என்பதை மட்டுமே சொல்லும். 1009-ஐ 23-ஆல் சோதிக்கும்போது 69-ஐக் கழித்து, பூச்சியத்தை நீக்கி, 94-ஐ அடைகிறோம். அதை 23-ஆல் வகுத்தால் 2 மிஞ்சும். அதைப் பார்த்து, "1009-ஐ 23-ஆல் வகுக்க மீதி 2" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். உண்மையான மீதி 20 (23 × 43 = 989). கேள்வியில் மீதியைக் கேட்டிருந்தால் நெடுவகுத்தலையே செய்யுங்கள்.

7 முதல் 31 வரை இப்படியே சோதித்தால், 1009 எதனாலும் வகுபடவில்லை என்பது தெரியவரும்.

படி 3: விடையை எழுதும் விதம்

31² < 1009 < 32². 1009 பகு எண்ணாக இருந்தால், அதற்கு 31-க்கு மிகாத பகாக் காரணி ஒன்றாவது இருக்க வேண்டும். 2 முதல் 31 வரையுள்ள பகா எண்கள் எதனாலும் 1009 மீதியின்றி வகுபடவில்லை. எனவே 1009 பகா எண்.

இந்த நான்கு வாக்கியங்களே போதும். இதற்குப் பதிலாக, "6-இன் மடங்கோடு 1 கூட்டியோ கழித்தோ வருவதால் பகா எண்" என்று எழுதுவதைப் பலரிடம் பார்க்கிறேன். 3-ஐ விடப் பெரிய பகா எண்கள் யாவும் அந்த வடிவில் அமையும் என்பது சரி; ஆனால் அந்த வடிவில் அமைபவை எல்லாம் பகா எண்கள் ஆகிவிடா. நாம் எடுத்துக்கொண்ட நான்கு எண்களுமே அந்த வடிவில்தான் உள்ளன. அவற்றில் மூன்று பகு எண்கள்.

விடையைச் சரிபார்க்க, லினக்ஸ் கணினியில் உள்ள 'ஃபேக்டர்' என்ற கட்டளையே எனக்குப் பிடித்தமானது. எண்ணைக் கொடுத்தால் பகாக் காரணிகளை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும்.

பிற்சேர்க்கை

பைத்தானில் நிரல் எழுதிய சிலர், 961-உம் 899-உம் பகா எண்களாக வருகின்றன என்று கேட்டிருந்தார்கள். எண்களை வரிசையாகத் தரும் 'ரேஞ்ச்' (range), தன் இறுதி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது என்பதே காரணம். வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியோடு 1-ஐக் கூட்டி எல்லையாகக் கொடுங்கள். அப்போது 961-க்கு 31-உம், 899-க்கு 29-உம் சோதனைக்குள் வந்துவிடும்.

8051-ஐ முடித்து வைக்கும்படியும் ஒருவர் கேட்டிருந்தார். காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும்போது, பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவின் முறை வகுத்தலைவிட விரைவானது. 8051-ஐ விடப் பெரிய வர்க்கங்களில் மிகச் சிறியது 8100, அதாவது 90². வித்தியாசம் 49, அதாவது 7². ஆகவே 8051 = (90 − 7)(90 + 7) = 83 × 97. வித்தியாசம் முழு வர்க்கமாக அமையாவிட்டால் 91², 92² என்று தொடர வேண்டும். 2027651281 என்ற எண்ணை ஃபெர்மா இப்படித்தான் 44021 × 46061 எனப் பிரித்தார். 45030-இல் தொடங்கினால் பன்னிரண்டாம் முயற்சியில் விடை கிடைத்துவிடுகிறது. வகுத்தே பார்த்திருந்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைக் கடக்க வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு 1357, 1361, 1363 ஆகியவற்றைச் சோதித்துப் பாருங்கள். 37² = 1369 என்பதால், இவற்றுக்கும் அதே பதினொரு பகா எண்கள் போதும்.