லண்டன் – நியூயார்க் விமானப் பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர் ஆகும். ஆனால், போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் ஆகும் என்று கணக்கிட்டுவிடாதீர்கள். அட்லாண்டிக் பெருங்கடலின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் அதிவேகக் காற்றோட்டம், லண்டனை நோக்கி வரும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளி, எதிர்த்திசையில் செல்வதைத் தாமதப்படுத்துவதால், நியூயார்க் செல்ல சுமார் 8 மணி நேரமும் திரும்பி வர சுமார் 7 மணி நேரமும் பிடிக்கிறது. குளிர்காலத்தில் இக்காற்று மேலும் வலுக்கும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடங்களில் லண்டன் வந்து சேர்ந்தது உண்மையிலேயே வியப்புக்குரியது.

பயணச்சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. லண்டன் வழக்கமாக 5 மணி நேரம் முந்தியிருப்பதால், காலை 11 மணிக்கு அங்கே புறப்பட்டுப் பிற்பகல் 2 மணிக்கு நியூயார்க்கில் இறங்கினால், பயண நேரம் 3 மணி அன்று, 8 மணி. இரு நாடுகளும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, பின்னர் பழையபடி திருப்பி வைப்பதை வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதால், மார்ச் மாதத்தின் பிற்பகுதியிலும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் இந்த வேறுபாடு 4 மணியாகக் குறையும். அந்நாட்களில் பயணிப்போர் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.