மோகுஹங்கா: நிறம் விலகியது, கெந்தோவில் குறை இல்லை

மோகுஹங்கா என்பது ஜப்பானிய மரக்கட்டை அச்சு; ஈரத் தாளில் நிறத்துக்கு ஒரு கட்டையாக அச்சிடுவது. கறுப்புக் கோட்டுக் கட்டை சரியாகவே விழுந்தது. மூன்றாவது நிறம் வைத்ததும் இலையோரத்தில் வெள்ளைக் கீற்று. கெந்தோவை (தாளைப் பொருத்தி வைக்கக் கட்டையில் செதுக்கும் அடையாள வெட்டு) மயிரளவு செதுக்கியும், சன்னமான மரச்சீவல் ஒட்டியும் நகர்த்திப் பார்த்தேன். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் விலகியது. பாரென் (தாளின் முதுகில் தேய்க்கும் வட்டத் தட்டு) அழுத்தத்தைக் குறைத்தும் பயனில்லை.

வலது கீழ் மூலையில், தாளின் மூலையைப் பிடிக்கும் L வடிவக் காகி கெந்தோ அருகே, விலகலே கிடையாது. தள்ளிப் போகப் போக வளர்ந்து எதிர்மூலையில் ஒரு மில்லிமீட்டரைத் தொட்டது. கெந்தோ தவறென்றால் படம் முழுதும் ஒரே அளவு நகரும், இல்லை சாயும். அப்படியென்றால் காயக் காயச் சுருங்குவது தாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது: சில தாள்களில் விலகல் நீளவாட்டில், சிலவற்றில் அகலவாட்டில். பெரிய எச்சிசென் ஹோஷோ தாள் (ஜப்பானின் எச்சிசென் ஊர்ச் சரக்கு, மரக்கட்டை அச்சுக்கான தாள்) வீணாகாதபடி இரு திசையிலும் வெட்டப்பட்டிருந்தது. நனைந்த தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஓரத்துண்டைக் கிழித்தாலே தெரியும். நேராகக் கிழிவது நார்வாக்கு.

எல்லாவற்றையும் ஒரே வாக்கில் வெட்டினேன். நனைத்த, அச்சிடாத செய்தித்தாளுக்கு இடையே இரண்டிரண்டாக அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, பலகைப் பாரத்தில் ஓர் இரவு. தாள் தொட்டால் குளிர வேண்டும், நீர் மினுங்கக் கூடாது. அச்சிட்டதும் ஒவ்வொன்றும் உடனே அடுக்குக்குத் திரும்ப வேண்டும். மேலும் கீழும் முதலில் காயும், அங்கே வெற்றுத் தாள்கள். எதிர்மூலை சேர்ந்துவிட்டது.

வெயில் காலத்தில் இந்த அடுக்கைச் சில நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். வேலை நின்றால் பையோடு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.