ஈஸ்ட் எது என்று சீக்கிரம் சொல்லப் போய்ச் செய்யும் பிழைகள்

கேண்டிடா என்பது பல இனங்கள் உள்ள ஒரு ஈஸ்ட் வகை. லேப் ரிப்போர்ட்டில் 'கேண்டிடா வளர்ந்துள்ளது' என்று மட்டும் எழுதினால் டாக்டருக்குப் பாதித் தகவல்தான் போகிறது. கேண்டிடா க்ரூசி என்ற இனத்தைப் புளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து இயல்பாகவே ஒன்றும் செய்யாது. அதனால் இனத்தின் பெயரும் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும்.

கடலூரில் உள்ள ஒரு சின்ன லேபிலும் செய்யக்கூடியது ஜெர்ம் டியூப் சோதனை, அதாவது ஈஸ்ட் செல் முளைக்குழல் விடுகிறதா என்று பார்ப்பது. விட்டால் அது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ். அரை மில்லி சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீர்) தட்டில் வளர்ந்த ஈஸ்ட் திட்டை, அதாவது காலனியைக் கலந்து, 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இதைவிட மலிவான நல்ல சோதனை கிடையாது. ஆனால் கெடுப்பதும் சுலபம். லூப் (வளையக் கம்பி) நிறைய அள்ளிப் போட்டால் அல்பிகன்ஸ்கூட முளைக்குழல் விடாது. காலனியை லேசாகத் தொட்டு எடுத்தாலே போதும். சாப்பாட்டுக்குப் போய் நிதானமாகத் திரும்பி வந்து பார்த்தால் வேறு வம்பு: 3 மணி நேரம் தாண்டினால் டிராபிகாலிஸ் என்ற இன்னொரு கேண்டிடாவும் நீட்சி விட ஆரம்பிக்கும். அப்போது நீட்சி தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே இடுக்கம் இருந்தால் அது முளைக்குழல் இல்லை, போலி இழை. நடுவில் கரண்ட் போய் இன்குபேட்டர் ஆறியிருந்தால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகவே போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அல்பிகன்ஸ் ஒன்று, டிராபிகாலிஸ் ஒன்று கூடவே ஓட வேண்டும். இதைத்தான் முதலில் கைவிடுகிறோம்! சோதனை பாசிட்டிவ் என்றாலும் டப்ளினியென்சிஸ் என்ற இனமாக இருக்கலாம். நெகட்டிவ் என்பதால் அல்பிகன்ஸ் இல்லை என்றும் ஆகாது.

இனத்துக்கு ஒரு நிறம் காட்டும் வளர்ப்புத் தட்டான குரோம் அகாரில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், க்ரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பு. மறுநாளே நிறத்தைப் படித்துவிடாமல் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

அல்பிகன்ஸ் கிளமிடோஸ்போர் (தடித்த சுவருள்ள வித்து) விடுகிறதா என்று பார்க்கும் கார்ன்மீல் அகார் தட்டை மேசையிலேயே வைப்பது நம்மூர்ப் பிழை. அது கேட்பது 25 டிகிரி. கத்திரி வெயிலில் கடலூர் அறை அதைவிட எவ்வளவோ சூடு, கிளமிடோஸ்போர் உருவாகாமலே போகலாம்.

2009-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் தனிக் கதை. இனத்தைத் தானாகக் கண்டறியும் வைடெக் 2 கருவி, தரவுத்தளம் பழையதாக இருந்தபோது, அதைக் கேண்டிடா ஹீமுலோனி என்று காட்டியிருக்கிறது. ஏபிஐ 20சி என்ற சோதனைக் கிட் அதை ரோடோடோருலா குளூட்டினிஸ் என்ற வேறு ஈஸ்ட் என்றது. ஆனால் ரோடோடோருலா என்றால் காலனி சிவந்திருக்க வேண்டுமே? வெளுத்த காலனிக்கு அந்தப் பெயர் வந்தால் நம்பாதீர்கள். புரதங்களை வைத்து இனத்தைக் கண்டறியும் மால்டி-டாஃப் கருவி உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். அங்கும் தரவுத்தளம் புதியதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், தண்டுவட நீரில் கிரிப்டோகாக்கஸ் என்ற உறை உள்ள ஈஸ்ட்டைத் தேடும் இந்தியா இங்க் (கறுப்பு மை) சோதனை. வெள்ளையணுவைச் சுற்றியும் வெளிச்ச வளையம் தெரியும். ஆனால் அதன் விளிம்பு மங்கலாக இருக்கும். கிரிப்டோகாக்கஸின் உறை விளிம்பு கூர்மையாகத் தெரியும். மொட்டு விடும் செல் ஒன்றாவது கண்ணில் படும்வரை பாசிட்டிவ் என்று எழுத வேண்டாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் கிருமியின் பொருளைத் தேடும் ஆன்டிஜென் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் கிருமி குறைவாக இருந்தால் இங்க்கில் தப்பிவிடும்.